லொரீனின் கைக்கு ஸ்பகெட்டி விருந்து

மணிக்கட்டில் ஆரம்பித்த வலி லொரீனுக்குத் தோள்பட்டை வரை ஏறிவிட்டிருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்று கத்தி பிடித்த கை. இப்போது காப்பிக் கோப்பையைப் பிடித்தால்கூட விரல்கள் மரத்துப்போகின்றன. அறுவை செய்யாவிட்டால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவைக் கேட்டதும் நல்ல கையும் மரத்துப்போனது.

அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யாராவது படுத்துவிட்டால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி சமைத்து விற்பார்கள். சீட்டு விற்று ஒரு துப்பாக்கியைக் குலுக்கலுக்கு வைப்பார்கள். சேருகிற பணம் வைத்தியத்துக்கு. புற்றுநோய் என்றால் மான் வேட்டைத் துப்பாக்கி. லொரீனுக்கு வெறும் கைதானே, அதனால் அணில் சுடுகிற துப்பாக்கி.

விருந்து நடந்த சனிக்கிழமை அவள் கூடத்துக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு "எப்படி இருக்கே?" என்றார்கள். "பிரமாதமா இருக்கேன்" என்றாள். அங்கே சாகக் கிடக்கிறவனும் அதைத்தான் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் சபையில் துணி அவிழ்ந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள்.

குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவர் க்ளெட்டஸ். ஆலை வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர். வலது தோள் போய்விட்டதால் இடது கையால் கிண்டினார்.

"உங்க தோளுக்கு எப்ப விருந்து?" என்று கேட்டாள் லொரீன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் கண்ணு. ஒரே வருஷத்துல ரெண்டுன்னா ஊரு தாங்காது."

"கனடாவுல ஆஸ்பத்திரிக்குக் காசே கேக்க மாட்டாங்களாமே?"

க்ளெட்டஸ் கரண்டியை ஓங்கினார். "வரிப்பணம்மா அது! எவன் சீக்குக்கோ நான் ஏன் அழணும்? அதுக்குப் பேரு சுதந்திரமா?" என்று கத்திவிட்டு, லொரீனின் சீக்குக்காகக் கத்தையாக வாங்கிய குலுக்கல் சீட்டுகளால் முகத்தை விசிறிக்கொண்டார்.

ஆலை மேலாளர் ட்ரெவர் வந்தான். அவனை எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒருத்தரை வேலையைவிட்டு அனுப்புகிற அன்றும் 'சும்மா ட்ரெவர்னே கூப்பிடு' என்று சொல்லித்தான் அனுப்புவான். 'நாம் ஒரே குடும்பம்' என்ற பதாகையும் காகிதத் தட்டுகளும் கொண்டுவந்திருந்தான். குடும்பத்தின் பங்கு அவ்வளவுதான்.

"லொரீன், மைக்ல ரெண்டு வார்த்தை பேசு. தோட்டத்துல களை புடுங்கிக் கை போச்சுன்னு சொல்லிடு. ஆலைப் பேச்சு வேணாம், வக்கீலுங்க சங்கடப்படுவாங்க."

"எனக்குத் தோட்டமே இல்லியே ட்ரெவர்."

"போட்டாப் போச்சு. விதை நான் வாங்கித் தர்றேன்."

லொரீனுக்குப் புரிந்தது. வேலையில் கெட்ட கைக்குச் சட்டப்படி ஆலைதான் செலவு செய்ய வேண்டும். களை என்று ஊரறியச் சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. விருந்தில் சேர்ந்த பணமோ மயக்க மருந்துக்கே காணாது.

முதலில் போதகர் ஜெபித்தார். உலகத்திலேயே ஒசத்தியான நாட்டில் பிறக்க வைத்ததற்கு நன்றி சொன்னார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தவர்கள் அங்கே இரண்டே பேர். இருவரும் துப்பாக்கியோடு போனவர்கள்.

லொரீன் மைக்கைப் பிடித்தாள்.

"தோட்டமும் இல்ல, களையும் இல்ல. கோழி அறுத்துத்தான் இந்தக் கை போச்சு. வலிக்குதுன்னு சொன்னேன், மாத்திரையக் குடுத்துத் திரும்ப நிக்க வச்சீங்க. வரிசைய இன்னும் வேகமா ஓட்டுனீங்க. க்ளெட்டஸ் தோளும் அப்படித்தான் போச்சு."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைக்கில் அழுகிற குரலில் யார் எதைச் சொன்னாலும் அங்கே எழுந்து நின்று தட்டுவதுதான் வழக்கம். என்ன சொன்னாள் என்பது யார் காதிலும் ஏறவில்லை. க்ளெட்டஸ் கண்ணைத் துடைத்தபடி, "என்ன தைரியம் பாரு!" என்றார். உடனே ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் வந்தது. வரிசை அந்தப் பக்கம் நகர்ந்தது.

முதலில் எழுந்து தட்டியவன் ட்ரெவர்தான்.

"மனசத் தொட்டுட்டே லொரீன். திங்கக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடு, ஆளு பத்தல."

"ஆபரேஷன் செலவு?"

"அதான் ஊரே சேந்து குடுக்குதே!"

"ஊரு கடன்படல ட்ரெவர். நீங்க பட்டிருக்கீங்க."

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுத் தட்டோடு நகர்ந்தான். அந்த அறுவைச் செலவு முழுதும் ஆலை லொரீனுக்குத் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.