அப்பா பெயர்: ஏங்க

சண்டை போடுகிற மகராசன்களிடம் ஒரே ஒரு வரம் கேட்கலாம் என்றால் பாரம் அக்கா இதைத்தான் கேட்பாள். ஐயா, குண்டு போடுவதற்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்கு அப்பன் பெயரை மனப்பாடம் பண்ண வைத்துவிடுகிறோம். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

முகாமாகிப்போன பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில் அவளுடைய மேசை. ஓட்டத்திலும் நெரிசலிலும் கை நழுவிப்போன பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் பாரத்தில் பதிந்து, சொந்தபந்தத்தைத் தேடிப்பிடித்து ஒப்படைக்கிற வேலை. நிவாரண அமைப்பு அந்த வேலைக்கு மூச்சு முட்டுகிற நீளத்தில் ஒரு பெயர் வைத்திருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும் என்பதால், பாரம் எழுதுகிற அக்கா என்று ஜனங்கள் சுருக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பாரத்தை உண்டாக்கிய புண்ணியவான், வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவனாக இருக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது, அடம்பிடித்து உட்கார்ந்துவிடும்.

பாலத்துப் பக்கமிருந்து நர்ஸ் ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு ஐந்து வயது இருக்கலாம். தாய் பாலத்திலேயே போய்விட்டாள், தன் கண்ணால் பார்த்ததாக நர்ஸ் அக்காவின் காதோடு சொல்லிவிட்டுப் போனாள். இனி தகப்பனைத் தேட வேண்டியதுதான். உன் பேர் என்ன என்று கேட்டதற்கு, பட்டாணி என்றாள். முழுப்பெயர் கேட்டால், கொஞ்சம் யோசித்து, பச்சப் பட்டாணி என்றாள். அம்மா பெயர் அம்மா. அப்பா பெயர்?

"ஏங்க."

அக்கா சிரிக்கவில்லை. அந்த வாரம் அவள் எழுதிய நான்காவது ஏங்க அது. எந்த வீட்டில் எவள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்? பிள்ளை காதில் விழுவதைத்தானே சொல்லும். அப்படியே தட்டிவிட்டாள். கம்ப்யூட்டரும் வாயை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது.

மூன்றாவது வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏங்க என்ற நபருக்கு நான்கு முகாம்களில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள் இருப்பதாகக் கணினி கண்டுபிடித்திருக்கிறது, பிள்ளை கடத்தும் கும்பலாக இருக்கலாம், விசாரணை முடியும்வரை அந்தப் பத்தொன்பது கோப்புகளிலும் தேடும் வேலை நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடத்தல்காரன் ஏங்கவை எப்படிப் பிடிப்பது என்று கூட்டம் போட்டிருப்பார்கள், டீயும் குடித்திருப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பஸ் வருகிறது. யாரும் தேடி வராத பிள்ளைகளை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காப்பகத்துக்குக் கொண்டுபோகிற பஸ். போன பிள்ளைக்குச் சோறு உண்டு, படுக்கை உண்டு, குண்டுச் சத்தம் கிடையாது. ஆனால் பாதை அடைத்துவிட்டால் பெற்றவன் பின்னாலேயே போய்த் தேட முடியாது. பட்டாணியின் பெயர் அந்தப் பட்டியலில் ஏழாவதாக இருந்தது.

புதன்கிழமை காலை முகாம் ஒருங்கிணைப்பாளர் தண்ணீர்க் குழாய் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் அறிக்கை எழுதுகிறவர் என்பதால் முகாமில் அவர் பெயரே அறிக்கை. அங்கே பட்டாணி நாலு பிள்ளைகளை வைத்து வீடு விளையாடிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கை.

"ஏங்க, உங்களத்தான். எத்தன தடவ கூப்பிடுறது? காத கழட்டி வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"இதோ வந்துட்டேன்மா" என்று அறிக்கை திரும்பினார். அவர் பெண்டாட்டி இருப்பதோ வேறு நாட்டில்.

மனுஷன் முகம் சிவந்துபோய் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்த அக்காவுக்குப் பொறி தட்டியது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அமைப்பின் ரேடியோவில் தேடப்படுகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள். பெயரே தெரியாத அப்பனை வீட்டுக் குரலிலேயே கூப்பிட்டால் என்ன? பட்டாணியை மறுபடி அதட்டச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் போனில் பதிந்துகொண்டு அறிக்கையின் முன்னால் போய் நின்றாள். குழந்தையின் குரலை ஒலிபரப்பக் கூடாது, விதி இருக்கிறது என்றார் அவர். தப்பான ஆள் வந்து கேட்டால் யார் பொறுப்பு என்றார். அதுவும் நியாயம்தான்.

"கடைசி வரிய வெட்டிட்டேன் சார். அத சரியா சொல்றவருக்குத்தான் புள்ள" என்றாள் அக்கா. "அதோட இது குழந்த குரலே இல்ல. அவங்க அம்மா குரல்."

அறிக்கை பேனா மூடியைக் கழற்றினார். காலையில் நடந்ததை அறிக்கையில் எழுதாமல் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் கரகர ரேடியோவில் பட்டாணியின் அதட்டல் மூன்று தடவை போனது. வியாழக்கிழமை மதியத்துக்குள் ஏழு ஆம்பிளைகள் வந்து வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவனும் அது தன்னைத்தான் என்றான்.

பட்டாணியைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அக்கா ஒவ்வொருவராகக் கேட்டாள். சோறு ஆறிப்போச்சு என்பாள் என்றார் ஒருவர். எக்கேடோ கெட்டுப்போங்க என்பாள் என்றார் இன்னொருவர், ஏதோ பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோல. ஒரு தாடிக்காரர், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், பாத்திரத்தை நங்கென்று வைப்பாள் என்று மேசையில் தட்டியே காட்டினார். ஆறு பேரும் தப்பு. ஆறு பேருடைய பிள்ளைகளின் செல்லப்பெயரையும் அக்கா தனித்தனியாக எழுதிக்கொண்டாள், மிச்சப் பதினெட்டுக் கோப்பில் தேடிப்பார்க்க.

ஏழாவது ஆள் லாரி மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ராத்திரி முழுக்க நடந்து வந்த கால். அவன் அக்காவைப் பார்க்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"வர்றப்ப அந்த வாளியையும் எடுத்துட்டு வாங்கம்பா" என்றான். "அவ எங்க? உள்ள இருக்காளா?"

வெட்டிவைத்த கடைசி வரி அதேதான். ஆனால் எல்லாவற்றையும் யோசித்த அக்கா அடுத்த கேள்வியை யோசிக்கவில்லை. செத்துப்போனவளின் குரலை ஊர் முழுக்க ஒலிபரப்பி, அவள் உயிரோடு கூப்பிடுகிறாள் என்று ஒருவனை ராவெல்லாம் நடக்கவைத்திருக்கிறாள். இதைவிடப் பெரிய பாவத்தை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. வேறு யாரையும் சொல்லச் சொல்லாமல், எழுந்து அவன் பக்கத்தில் போய், பாலத்தில் நடந்ததை அவளே சொன்னாள். பேசியது உங்கள் மகள் என்றாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னாள்.

அவன் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தான். முட்டி நெஞ்சில் இடித்தது. வாசலில் ஆறு பேரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்களைக் கூப்பிடுகிறவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவர்களும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

அப்பாவின் குரல் கேட்டிருக்கும் போலிருக்கிறது, பட்டாணி ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, ரேடியோல நான்தான் பேசுனேன். அம்மா மாதிரியே. கேட்டுச்சா?"

அவன் அவளுடைய உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"கேட்டுச்சும்மா. இந்தத் தடவ ஒரே கூப்பாட்டுல வந்துட்டேன் பாரு."