எல்லாருக்கும் பொதுவான லீவு

"கொடையன்னைக்கு இலை எடுக்க நம்ம புள்ளைய அனுப்புறேன்னு சொல்லிட்டேன்" என்று வேலுச்சாமி சொன்னதும், தங்கமயில் அவன் தட்டில் ஊற்ற வந்த குழம்பைத் திரும்பச் சட்டியிலேயே ஊற்றினாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீரு?"

"யாரைட்டீ கேக்கணும்? வருசா வருசம் அம்மன் கொடையில மத்தியானப் பந்திக்கு நம்ம சந்துப் புள்ளைகதான எச்சிலை எடுக்கு. பேச்சிக்கனிக்குப் பத்து வயசாச்சில்லா?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டு."

"லீவு விடச் சொல்லி கமிட்டியில கேட்டிருக்காக. ஞானதுரை மொதலாளி கேட்டா எட்மாஸ்டர் மாட்டேம்பாரா? குழம்பை ஊத்து."

தாராவிக்கு வந்த ஜனங்கள் சட்டிபானையைக்கூடப் பாதி ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்திருந்தார்கள். கடைத்தெருக்காரர்கள் கோயில் கட்டினார்கள். வேலுச்சாமி குடியிருந்த தோல் கிட்டங்கிச் சந்துக்காரர்கள் அதற்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். கமிட்டித் தலைவர் ஞானதுரையின் அப்பாவையே ஒரு காலத்தில் ஊர்க் கோயிலுக்குள் விட்டதில்லை. அந்தக் கதையை அவர் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து சொன்னால் கேட்பவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தக் கண்ணீரோடு அவர் கடைப் புளியையும் வாங்கிப் போவார்கள்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. சனிக்கிழமை முனிசிபல் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வருஷத்தில் இரண்டு நாள் லீவு விடும் அதிகாரம் தலைமையாசிரியர் மகாதேவனிடம் இருந்தது. மாதுங்காவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவருக்கு மதத்தில் பற்றும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. ரிடையராக மூன்று வருஷம் இருந்தது.

"கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் கொடைக்கு லீவு விட்டா, அந்தோணியார் திருவிழாவுக்கும் விடணும்லா அண்ணாச்சி?" என்றார் சூசைமாணிக்கம்.

"அது ஒங்க சாமி வே. அம்மன் அப்படியா? ஜாதி, மதம் ஒண்ணும் பாக்கமாட்டா. எல்லாருக்கும் பொது!" என்றார் ஞானதுரை. கடைத்தெரு கை தட்டியது.

"எல்லாருக்கும் பொதுன்னா ஆட்சேபணை இல்லே" என்று மகாதேவன் பேனாவைத் திறந்தார்.

பின்வரிசையில் தங்கமயில் எழுந்தாள்.

"மொதலாளி சொல்றது சரிதான். பொதுச் சாமிக்கு லீவு விடத்தான் செய்யணும்."

"கேட்டுக்கிடுங்க" என்றார் ஞானதுரை மகிழ்ச்சியோடு.

"எங்க சந்துல இருவது பொட்டப்புள்ளைக இருக்கு. லீவு விட்டா எல்லாம் முளைப்பாரி எடுத்துட்டு வந்துரும். ஒங்க மக பக்கத்துல எம் மக நிப்பா. கோயிலுக்குள்ள எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லிருங்க."

யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே பேச்சிக்கனியும் மற்ற பிள்ளைகளும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞானதுரை துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டார். வியாபாரி, நஷ்டம் எந்தத் தெருமுனையில் வருகிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரியும்.

"ஒரு விசயம் யோசிக்கணும் சார்" என்றார். "சாமி எங்கயும் போயிரப்போறதில்லை. படிப்பு போனா வருமா? பள்ளிக்கூடத்துக்குள்ள மதத்தைக் கொண்டு வர்றது எனக்கு என்னமோ சரியாப் படலை."

"நானும் அதத்தான் நெனச்சிண்டிருந்தேன்" என்று மகாதேவன் பேனாவை மூடினார். இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. கொடையன்று பள்ளி உண்டு. ஒரு பிள்ளையும் தவறக் கூடாது என்று தீர்மானமாயிற்று.

தங்கமயில் புடவைக் கடையில் பட்டின் விலையைக் கேட்டுவிட்டு நூல்சேலைக்குப் பேரம் பேசுகிறவள். பேச்சிக்கனி இனி இலை எடுக்க வேண்டாம். வந்த காரியம் முடிந்தது. வாசலில் மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அப்போ நான் முளைப்பாரி எடுக்க வேண்டாமாம்மா?"

"நீ எடுக்கணும்னா நெனச்ச?"

"நீதான கேட்ட?"

தங்கமயில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சந்தின் முனைவரை வந்தாள். பிறகு மகளோடு கடைத்தெருப் பக்கம் திரும்பினாள்.

ஞானதுரை அப்போதுதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"பச்சைப்பயறு கால் கிலோ குடுங்க மொதலாளி."

"எதுக்கு?"

"முளைப்பாரிக்கு. அது எடுக்கது சாயங்காலந்தான? அதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டுரும்."

யாருக்கும் சரக்கு இல்லை என்று சொல்லி அறியாதவர் ஞானதுரை. கருவாடு கேட்டவனுக்குக்கூட, நாளைக்கு வா என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"பயறு தீந்துபோச்சு" என்றார். வாய் திறந்த பயறுச் சாக்கு அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது.

தங்கமயில் சாக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மகளைக் கடைப்படியில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரக்கு வரட்டும் மொதலாளி. எங்களுக்கு அவசரம் இல்ல."

எதிர்ச் சந்திலிருந்து அக்தர் பானு பையோடு வந்தாள். அவர் கடையில் பல வருஷமாக ரொக்கத்துக்கு வாங்குகிறவள். அவள் அவசரமாகக் கேட்டதும் பச்சைப்பயறுதான், அரைக் கிலோ. "ஆதா கிலோ, சேட். ஜல்தி."

ஞானதுரையின் கை பழக்கத்தில் சாக்கு வரைக்கும் போய்விட்டது. படியில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கையை உள்ளே விடுவதா, வெளியே எடுப்பதா என்று தெரியாமல் அவர் அப்படியே இருந்தார்.

"கியா ஹுவா, சேட்?" என்றாள் அக்தர் பானு, என்ன ஆயிற்று என்று புரியாமல்.