வீரண்ணன் வளரி

“தொட்டுச் சொல்லிட்டு வந்துரு, அம்புட்டுத்தான்” என்றார் அழகுமலை, கதவைச் சாத்திக்கொண்டே.

அமராவதி தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, பொய்ச் சத்தியம் பண்ணுனா தலைச்சன் தங்காதும்பாங்களே. நமக்கு இருக்கிறதே ஒண்ணு.”

“விவரங்கெட்டவளே! அது வீரண்ணன் வளரியா? செதுக்குனவன் யாரு?”

அரிமளத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் சத்தியம் என்றால் வளரி மேல்தான். வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய வீரண்ண அம்பலம் கடைசியாக எறிந்த வளைதடி என்று கோயில் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டிச் சாவி அழகுமலை குடும்பத்தில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் திறந்து பார்த்தால், வளரி இருந்த இடத்தில் கரையான் மண். ஊர் கேட்டால் என்ன சொல்வது? அழகுமலையே புளியங்கட்டையைச் செதுக்கி, எண்ணெயும் கரியும் தேய்த்து, குண்டு பட்ட தழும்பைக்கூட ஆணியைக் காய்ச்சி வைத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டி தவிர யாருக்கும் தெரியாது. பிறகு வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர், “இருநூறு வருஷமாவது இருக்கும்” என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்போது அதே ஊர் குணசேகரன் மனைவி சிவரஞ்சனியைப் பைக்கில் இடித்துப்போட்டு ஓடிவந்திருக்கிறான் மகன் விக்ரம். பார்த்தவர் இல்லை. குணசேகரனுக்குச் சந்தேகம் மட்டும் இருந்தது.

கோயில் வாசலில் உச்சி வெயில். பெட்டி திறந்திருந்தது.

“அயித்த, ஒங்க மகன் அந்நேரம் வீட்டுலதான் இருந்தான்னு தொட்டுச் சொல்லுங்க. நான் போலீசுக்குப் போகல” என்றான் குணசேகரன். “எம் பொண்டாட்டி இன்னும் கண்ணு முழிக்கல அயித்த.”

“என்ன அமராவதி, கட்டையத் தொட இம்புட்டு யோசனையா?” கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கட்டைதான். வெறும் புளியங்கட்டை. கையை நீட்டினாள். தைரியத்துக்குப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அழகுமலை மகனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“வீரண்ணா, என்னைய எடுத்துக்க. புள்ளைய விட்ரு சாமி...”

உதட்டசைவிலேயே அமராவதிக்குப் புரிந்துவிட்டது. செதுக்கின மனுஷனே கெஞ்சுகிறானே! அப்படியென்றால் கட்டைக்குள்ளே வந்து உட்கார்ந்திருப்பது யார்?

நீட்டிய கை திரும்பி வந்தது.

“அவன் வீட்டுல இல்ல.”

“அம்மா!” என்று அலறினான் விக்ரம்.

“இடிச்சது அவந்தான். ஜெயிலுக்குப் போனாலும் உசுரோட இருப்பான்ல. கூட்டிட்டுப் போப்பா குணசேகரா. அடிச்சிராத.”

குணசேகரன் அவன் சட்டையைப் பிடித்தான். கூட்டம் அவர்களோடு தெருப்பக்கம் சரிந்தது.

வாசலில் மிஞ்சியது இருவர்தான்.

“பெட்டிய மூடுங்க” என்றாள் அமராவதி.

“நீ மூடு” என்றார் அழகுமலை.

இருவருமே அசையவில்லை.