இருபத்தேழாவது கேள்வி

அந்த மருத்துவ ஆய்வுக்கான பதிவு முடிய இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில், சுழற்றும் இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்த பத்து நிமிடத்தில் அந்த அறிவிப்பைக் கண்டுபிடித்தேன். இயந்திரம் நின்று பீப் அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

உயிர்வேதியியல் படித்துவிட்டு அந்தக் கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன். சோதனைக் குழாய்களோடு நாள் முழுக்க இருக்கச் சொன்னால் இருப்பேன். மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் பூனை.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எட்டு மாதம் முன்பு அவளுடைய இடது காலில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் அவளுடைய இரத்தத்தோடேயே சண்டைக்குப் போய் அதை உறையவைக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. பன்னிரண்டு வார இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்து, அப்படிச் சண்டைக்குப் போகும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதம் இரண்டு முறையும் இருந்தால்தான் உறுதி செய்வார்கள். அக்காவுக்கு இரண்டு முறையும் இருந்தது.

"வேண்டாத இடத்துல பிரேக் போடுது என் ரத்தம்" என்றாள் அக்கா. "என்கிட்ட கத்துக்க வர்றவங்களே தேவலை."

நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருத்துவர்தான் கிடைக்கவில்லை. இரத்த நோய் மருத்துவர் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மறுபடி இரத்த நோய் மருத்துவரிடமே போகச் சொன்னார். மூன்றாமவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதித் தந்துவிட்டு, "இந்த மாதிரி இதுவரைக்கும் ரெண்டே பேரைத்தான் பார்த்திருக்கேன். அதுல ஒருத்தர் நீங்க" என்றார்.

"இன்னொருத்தர் இருக்காரா போயிட்டாரான்னு கேக்கத்தான் வாய் வரல" என்றாள் அக்கா, படியிறங்கும்போது.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில், நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடுகளைத் தேடினேன். சில ஆய்வுகள் முடிந்துபோயிருந்தன. சில கடல் தாண்டி இருந்தன. இப்போது கண்ட இது மட்டும் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. இரத்த நோய் மருத்துவரும் மூட்டுவாத மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இந்த நோய் உள்ளவர்களை மட்டும், மாதம் ஒருமுறை, மூன்று வருடத்துக்குப் பார்ப்பார்கள். நான்கு இடங்கள் மீதி. நாளை மாலை ஐந்து மணி கடைசி.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வண்டியில் இருப்பாள், தொந்தரவு செய்யவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஒருவரிடம் கேட்பதைவிட நாற்பத்தொரு பதில் எழுதுவது எனக்குச் சுலபம். அவள் எடை, மாத்திரை அளவு, கால் வீங்கிய தேதி, எல்லாம் எனக்கு மனப்பாடம். இருபத்தேழாவது கேள்வி: இதுவரை எத்தனை முறை கருவுற்றீர்கள்? பூஜ்யம் போட்டுவிட்டு இருபத்தெட்டுக்குப் போனேன்.

அன்றே படிவத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவும் வந்திருந்தாள். அக்கா சோபாவில் காலை நீட்டியிருந்தாள். அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க சேர்ந்துட்டா அவங்களே எல்லாம் பார்த்துப்பாங்கம்மா" என்றேன். "ஒரே அறை. ரெண்டு டாக்டரும்."

"பூனை இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள் அக்கா. அவள் முகமும் மலர்ந்திருந்தது. "ஒரே மூச்சுல நாலு வாக்கியம்."

"கால் சரியானா சரி" என்றாள் அம்மா. "கல்யாணமாகி ஆறு வருஷமா அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழறா. இனிமேலாவது வீட்டுல ஒரு தொட்டில் ஆடட்டும்."

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த உறை அது.

நாலு இருபதுக்குப் போன் வந்தது. ஆய்வு அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"படிவம் பார்த்தேன். இவ்வளவு சுத்தமா யாரும் நிரப்பினதில்ல" என்றார் அவர். எனக்குக் காது வரை சூடேறியது. "ஆனா சேர்த்துக்க முடியாதுங்க. குறைஞ்சது ரெண்டு பாதிப்பு இருக்கணும். உங்க அக்காவுக்குக் கால்ல வந்தது ஒண்ணுதான்."

"ஆன்டிபாடி ரெண்டு தடவையும் இருந்துதே."

"அது சரி. அதோட இன்னொரு பாதிப்பும் வேணும். நுரையீரல்ல அடைப்பு, பக்கவாதம், இல்லன்னா பத்து வாரம் தாண்டி கலைஞ்ச கர்ப்பம், இதுல ஏதாவது."

"எதுவும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்னியரோடு நான் வாதாடுகிறேன். "அப்போ அடுத்த அடைப்பு வர்றவரைக்கும் காத்திருக்கணுமா? அது மூளையில வந்தா? அப்பறம் சேர்த்துக்கிட்டு என்ன பிரயோஜனம்?"

"புரியுதுங்க. விதி நான் போட்டதில்ல. மூணு இடம் நிரம்பிடுச்சு. கடைசி இடத்துக்கு இன்னொருத்தர் லைன்ல காத்திருக்காங்க. வேற எதுவும் விட்டுப்போகலியே?"

"இல்லைங்க. எல்லாத்தையும் நானேதான் நிரப்பினேன். எனக்குத் தெரியாதது—"

"பூனை" என்றாள் அக்கா. "போனை இங்க குடு."

கொடுத்தேன். ஸ்பீக்கரை அணைப்பாள் என்று நினைத்தேன். அவள் அணைக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையில் ஒரு துண்டு பாதி மடித்தபடி நின்றது.

"இருபத்தேழாவது கேள்வியை மாத்தணுங்க" என்றாள். "அது என் தங்கச்சி போட்ட பதில். அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் என்கிட்ட இருக்கு."

"சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அக்கா போனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு. முதல் குழந்தை பதினோராவது வாரத்துல போச்சு. ரெண்டாவது பதினாறாவது வாரத்துல."