இரண்டாவது கோடு

அன்று காலை மூன்றாவது பீப்பாயில் என் அத்தான் லெயாந்த்ரோ கோப்பையை வாயில் வைத்தார். நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன். ஸ்பெயினில் எங்கள் ஊரான ஹெரெஸில், அத்தானைப் போன்ற கிடங்கு மேஸ்திரி புது ஒயினைக் குடித்துப் பார்ப்பதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோவார், ஒரு மூச்சு இழுப்பார், மிச்சத்தை மணல்தரையில் வீசிவிட்டு அடுத்த பீப்பாய்க்கு நகர்வார். ஒரு காலையில் அறுபது பீப்பாய் பார்க்கிறவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தால் பத்தாவதிலேயே நாக்கு செத்துவிடும். அத்தானுக்குக் கீழே இருபத்தாறு வருஷம் வேலை பார்க்கிறேன். நீண்ட பிடி வைத்த கிண்ணியைப் பீப்பாய்க்குள் இறக்கி, ஒயின் மேல் ஏடாகப் படர்ந்த பூ கலையாமல் மொண்டு, கோப்பையில் ஊற்றி அவரிடம் நீட்டுவது என் வேலை. அந்த இருபத்தாறு வருஷத்தில் அவருடைய உதடு கோப்பையில் பட்டு நான் கண்டதில்லை.

அன்று மூன்றாவதில் பட்டது. நான்காவதிலும் பட்டது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"ஒண்ணு," என்றார். சாக்குக்கட்டியால் பீப்பாயின் முகத்தில் சாய்வாக ஒரு கோடு போட்டார். அடுத்ததில், "ரெண்டு." இரண்டு கோடு.

ஒரு கோடு போட்ட ஒயினில் கொஞ்சமாகச் சாராயம் சேர்ப்போம். அதன் மேலே வெண்ணெய் நிறத்தில் படர்கிற ஏட்டைத்தான் பூ என்கிறோம். பூ உயிரோடிருந்து காற்றுப் படாமல் காக்கும். அந்த ஒயின் வெளுத்து, வறண்டு, பச்சை வாதுமை மணத்தோடு ஃபினோவாக வளரும். இரண்டு கோட்டில் சாராயம் கூடுதல். பூ செத்துவிடும், காற்றுப் பட்டுப் பட்டு ஒயின் கறுத்து ஒலோரோசோவாகும். இரண்டும் நல்ல ஒயின்தான். ஆனால் மெலிந்த உடம்புள்ளதைக் கொண்டுபோய் இரண்டு கோட்டில் தள்ளினால் அது அங்கேயும் தேறாது, இங்கேயும் திரும்பாது. ஊற்றிய சாராயத்தை யாரால் வெளியே எடுக்க முடியும்?

சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு இருப்பது எனக்கு ஆகாது. பத்தொன்பதாவது பீப்பாய்க்கு அவர் ஒரு கோடு போட்டார். அதில் மொண்டதில் கொஞ்சத்தை இன்னொரு கோப்பையில் மறைத்து வைத்தேன். முப்பத்தொன்றாவது பீப்பாயின் முன் நின்றபோது, கிண்ணியை இறக்குவதுபோல இறக்கிவிட்டு, பத்தொன்பதில் மொண்டு மறைத்த அந்தக் கோப்பையை நீட்டினேன். மூக்கில் வைத்தார், வாயில் வைத்தார், கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு," என்று முப்பத்தொன்றில் இரண்டு கோடு போட்டார்.

தெரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அதோடு முப்பத்தொன்றின் தலையெழுத்தை நானே கெடுத்துவிட்டேன். அறுபதையும் முடித்தபோது, என் மூக்கின் கணக்குப்படி பதினாறு பீப்பாயில் தேவையில்லாத இரண்டாவது கோடு இருந்தது. சாராயக் கலவை ஊற்றுவது மறுநாள் காலை.

மதியம் அக்கா விசியின் வீட்டுக்குப் போனேன். மேஸ்திரிக்கென்று கிடங்கு மதிலை ஒட்டிக் கொடுத்திருக்கிற வீடு. அத்தான் உள்ளே படுத்திருந்தார்.

"விசி, அத்தானுக்கு மூக்கு போயிடுச்சு."

"மெதுவாப் பேசு." அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை கொண்டக்கடலக் குழம்பு அடிபிடிச்சு வீடெல்லாம் ஒரே புகை. மனுஷன் வந்து உக்காந்து, 'என்ன விசி, இன்னிக்கு மணமே தனியா இருக்கு'ங்கறார். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

"முதலாளிகிட்ட சொல்லிடலாம்."

"சொல்லு. சொல்லிட்டு நேரா இங்க வந்து இந்தக் கட்டில ஒரு பக்கம் பிடி. ரெண்டு பேருமாத் தெருவுல கொண்டுபோய்ப் போடலாம்."

அத்தான் எழுந்து வந்ததும் நேராகவே கேட்டேன். "அத்தான், மறுபடியும் ஒரு தடவ பார்த்துடலாம். நான் கோப்பைய வலது கையில குடுத்தா ஒரு கோடு, இடது கையில குடுத்தா ரெண்டு. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

"சைகையா? இது என்னடா மச்சான், சாராயக்கடைச் சீட்டாட்டமா?" சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "உன் மூக்கு எதுக்கு லாயக்கு தெரியுமா? எந்த வீட்ல மீன் பொரிக்கறான்னு கண்டுபிடிக்க. அதுல உன்ன அடிச்சுக்க ஆளில்ல. எனக்கு வெறும் சளி. ஒரு வாரத்துல சரியாயிடும்."

"கலவை நாளைக்கு ஊத்தறாங்க அத்தான்."

"ஊத்தட்டும்."

அவர் பெயரை இழுக்காமல் அவரைக் காப்பாற்ற ஒரு வழி பாக்கி இருந்தது. முதலாளி தோன் ஹெர்னானின் அறைக்குப் போய், குளிர் அதிகமாக இருக்கிறது, இந்த வருஷம் கலவையை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நல்லது என்றேன்.

"லெயாந்த்ரோ கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"அப்புறம் குளிரப் பத்தி நீ ஏன்டா கவலப்படறே?" என்று கடிதங்களுக்குத் திரும்பிவிட்டார். ஒரு மனுஷனின் மூக்கை ஊரே இத்தனை நம்பினால், அந்த மூக்குக்குச் சொந்தக்காரன்தான் என்ன செய்வான்? எனக்கு யாரைக் கோபிப்பது என்றே தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஈரத்துணியோடு கிடங்குக்குள் போனேன். நிதானமாக, வரிசை தப்பாமல், என் பட்டியல்படி ஒவ்வொரு பீப்பாயிலும் இரண்டாவது கோட்டை மட்டும் துடைத்தேன். ஐந்து முடிந்தது. ஆறாவதாக முப்பத்தொன்றில் துணியை வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"மூக்குதானேடா போச்சு," என்றார் அத்தான். "கண்ணும் போயிடுச்சுன்னு நெனச்சியா?"

வாய்விட்டு அவர் ஒத்துக்கொண்டது அது ஒரு தடவைதான். ஒத்துக்கொண்ட கையோடு பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, நான் துடைத்த இடத்தில் மறுபடியும் கோடு போட்டார். நான் துடைத்தேன். அவர் போட்டார்.

"அத்தான், இது மெலிஞ்ச ஒயின். செத்துப்போயிடும்."

"நான் போட்ட கோடு."

"நேத்து உங்க கையில குடுத்தது இதுல மொண்டதே இல்ல. பத்தொம்பதுல மொண்டது. அதுக்கு நீங்க ஒண்ணுன்னுதான் சொன்னீங்க."

கை நின்றது. என்னை அறையப்போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடும் இல்லை, எழுத்தும் இல்லை, கறுப்பு மரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். அதற்குள் சாராயம் ஊற்றுகிற வேலையாள் சானோ இன்னொரு ஆளோடு கலவைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் தோளில் குழாய் கிடந்தது.

"என்ன மேஸ்திரி, மச்சானும் மாமனுமா விடியக்காலையிலயே வெள்ளையடிக்க வந்துட்டீங்களா? இது ஒண்ணா, ரெண்டா?"

நான் வாயைத் திறந்தேன். அத்தான் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். மர அடைப்பை இரண்டு தட்டுத் தட்டி எடுத்தார். இரண்டு கையையும் பீப்பாயின் வயிற்றில் ஊன்றிக் குனிந்து, மூக்கைத் துளைக்குள்ளேயே புதைத்துவிடுவதுபோல வைத்து, மூச்சை இழுத்தார். முதுகு உயர்ந்து தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். பிறகு இன்னொரு முறை. சானோ என்னைப் பார்த்தான், நான் துணியைப் பார்த்தேன். குழாயின் வாயிலிருந்து சாராயம் சொட்டுச் சொட்டாக மஞ்சள் மணலில் விழுந்துகொண்டிருந்தது.