குன்வோரின் வரிசை எண்

நூர்விக் ஊர் மருந்துக்கடையின் சீட்டு இயந்திரம், இடுப்புவலிக்கு மாத்திரை வாங்கப்போன குன்வோருக்கு 94,37,056 என்ற வரிசை எண்ணைக் கொடுத்தது. சுவர்ப்பலகையில் அப்போது 44 எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவருக்கு 48 கிடைத்தது. குன்வோர் கண்ணாடியைப் போட்டுச் சீட்டைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இன்னொரு சீட்டை இழுத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுப்பது இங்கே திருட்டு. யாராவது இடம் விட்டுக்கொடுக்கலாம் என்றால், பின்னால் இருப்பவர்களுக்கு அது அநியாயம். அன்றிலிருந்து பலகையும் இரவில் பூஜ்யத்துக்குத் திரும்புவதை நிறுத்திக்கொண்டது.

நான்கு குளிர்காலங்கள் போயின. கடை திறக்கும்போது வருவாள், சாத்தும்போது போவாள். வலிகூடப் பழகிவிட்டது. கணவன் சிக்ஸ்டன் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. "வேற கடைக்குப் போயேன்" என்று முதல் நாள் சொன்னான். "வரிசையில இருக்கறப்ப எப்படிப் போறது?" என்றாள். அத்தோடு சரி.

சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து ஹெட்விக் என்ற கணித ஆய்வாளர் வந்து, இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொடுத்துவிட்டு எண்ணைச் சோதித்தாள். இரட்டைப்படை. பகு எண், 128ஐயும் 73,727ஐயும் பெருக்கினால் வருவது, அதில் பெரியது எதற்கும் உடையாத பகா எண். சீட்டு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சின்ன எண்களையெல்லாம் கூட்டினாலும் அதன் அளவுக்கு எட்டாததால், குறைவெண்.

"நாலு வருஷம் உக்காந்ததுக்குக் குறைன்னு பேரா? இருக்கட்டும் கண்ணு. எப்பக் கூப்பிடுவாங்கன்னு அதுல தெரியுதா?"

அது தெரியவில்லை. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை 93,63,584 என்றும், அதை வகுக்கும் சின்ன எண்களைக் கூட்டினால் குன்வோரின் எண்ணே திரும்ப வரும் என்றும், இப்படிப்பட்ட இரண்டுக்கும் நட்பெண்கள் என்று பெயர் என்றும் ஹெட்விக் சொன்னாள். "உங்க நம்பருக்கு எங்கயோ ஒரு ஜோடி இருக்கு."

"எனக்கும் ஒண்ணு இருக்கு. வீட்டுல ரேடியோ கேட்டுக்கிட்டு."

அந்த நவம்பரில் சிக்ஸ்டன் கடைக்குள் வந்தான். ஷூவிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒரு சீட்டை இழுத்தான், நெடுநேரம் அதைப் பார்த்தான், பிறகு அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். 93,63,584. பலகையில் 61,208.

"உனக்கு என்ன இங்க?" என்றாள்.

"இருமல்."

"நாலு வருஷமா வரத் தோணல."

"தோணாம என்ன. ஒரு நோயும் இல்லாம எப்படிச் சீட்டு எடுக்கறது? சீட்டு இல்லாம எப்படி இங்க உக்கார்றது? தினமும் காலையில எழுந்து எங்கயாவது வலிக்குதான்னு பாப்பேன். இன்னிக்குத்தான் இருமல் வந்துச்சு."

குன்வோருக்குக் கண் கலங்கியது. "உன்னை எனக்கு முன்னாடியே கூப்பிட்டுருவாங்க" என்றாள்.

"கூப்பிடட்டும்" என்று பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றினான்.

மறுவாரம் கடைக்காரர்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை போட்டார்கள்.