பியதிலக வீட்டில் நாலு ஃபிரிட்ஜ்

குசுமலதாவின் ஃபிரிட்ஜ் ஓடாமல் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை இருந்த நாட்களில் தவணைக்கு வாங்கியது. தொழிற்சாலையை மூடிய அடுத்த மாதமே அதுவும் மூச்சை விட்டது. அதற்காக அவள் அதைத் தூக்கி எறியவில்லை. மேல்தட்டில் பிள்ளைகளின் புத்தகம், நடுவில் அரிசி, கீழே வெங்காயம், கதவில் சீப்பும் பவுடரும். அந்த வீட்டில் எலி ஏறாத ஒரே இடம் அதுதான்.

இப்போது அதுதான் அவள் தலையில் இடியாக விழுந்தது. அரசாங்கம் புதிதாக நிவாரணப் பட்டியல் எடுக்கிறது என்றும், வீடு வீடாக வந்து கைபேசியில் கேள்வி கேட்டுப் பதிவார்கள் என்றும் செய்தி வந்திருந்தது. டிவி உண்டா, ஃபிரிட்ஜ் உண்டா, மோட்டார் சைக்கிள் உண்டா. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ஓடுகிறதா என்று அந்தக் கைபேசி கேட்காதாம். பக்கத்து ஊரில் சக்கரமே இல்லாத மோட்டார் சைக்கிளுக்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று மீன்காரன் சுமித் சத்தியம் பண்ணினான்.

அவள் புருஷன் உபாலி கொத்தனார். சீமெந்து விலை ஏறியதிலிருந்து நிக்கவரெட்டியப் பக்கம் ஒருத்தரும் கோழிக்கூடுகூடக் கட்டவில்லை. வீட்டில் இரண்டு வேளைதான் அடுப்பு எரிந்தது. செத்துப்போன ஃபிரிட்ஜுக்காக நிவாரணத்தை இழக்க அவள் தயாராக இல்லை.

அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தின் கோடியில் பியதிலக இருந்தார். ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், மூன்று அறை வீட்டில் தனியாள். ஓய்வூதியம் வருவதால் நிவாரணம் கேட்கவே முடியாதவர். அவர் வீட்டில் எத்தனை ஃபிரிட்ஜ் இருந்தால் யாருக்கு என்ன? குசுமலதா இரண்டு நாள் கெஞ்சினாள். அவரும், முப்பத்திநாலு வருடம் ஒரு பொய் சொல்லாமல் ரயில் ஓட்டத்தைக் கவனித்தவன் என்று முனகிவிட்டு, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், ஊர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சுமித்தின் தள்ளுவண்டியில் ஃபிரிட்ஜை ஏற்றிப் பாயால் மூடிக்கொண்டு போனார்கள். உள்ளே கொண்டுபோய் வைக்கும்போதுதான், மூலையில் போர்வைக்கு அடியில் இன்னொரு ஃபிரிட்ஜ் நிற்பதை அவள் கண்டாள். அதற்குப் பின்னால் அடுத்த வீட்டுக் குணசீலியின் டிவி. திரைச்சீலைக்கு அப்பால் சுமித்தின் மோட்டார் சைக்கிள். வண்டியை இரவல் தரும்போது அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் ஒழுங்கையில் இருந்த பத்து வீட்டுச் சாமானும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. நாலு ஃபிரிட்ஜ், ஏழு டிவி, துணி துவைக்கும் இயந்திரம் மூன்று. பியதிலக யாருக்கும் முடியாது என்று சொல்லப் பழகாத மனிதர். அவர் கட்டிலில் மூன்று டிவி படுத்திருந்தன. அவர் சாய்மனைக் கதிரையில் தூங்கினார்.

புதன்கிழமை காலையில் கணக்கெடுக்க ஹன்சமாலி என்ற பெண் வந்தாள். பட்டம் வாங்கிவிட்டு இந்தத் தற்காலிக வேலையில் சேர்ந்தவள். பெரிய வீதியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். குசுமலதாவின் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை சதுரமாக வெளுத்து, நாலு மூலையிலும் துரு வட்டத்தோடு பளிச்சென்று கிடந்தது. குசுமலதா அதன் மேல் பாயை விரித்து, பாயின் மேல் தானும் உட்கார்ந்துகொண்டாள். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்றாள். சொன்னது உண்மைதான். ஆனால் எழுந்து ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கக்கூட முடியாமல் போனதில் வெட்கமாக இருந்தது.

ஹன்சமாலி ஒவ்வொரு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தர் எழும்பாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயிலில் அவளுக்குத் தலை சுற்றியது. நிழல் தெரிந்த வாசலில் போய்த் தண்ணீர் கேட்டாள். அது பியதிலகவின் வாசல்.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து குசுமலதா பார்த்துக்கொண்டிருந்தாள். பியதிலக கதவைக் கால்வாசி திறந்து தண்ணீர்க் குவளையை நீட்டினார். அந்தப் பெண் குடித்துவிட்டுச் சரிந்து விழப்போனாள். மனிதர் பதறிப்போய்க் கதவை முழுதாகத் திறந்து அவளைக் கதிரையில் உட்கார வைத்தார். குசுமலதா ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கையே ஓடியது.

கண்ணைத் திறந்த ஹன்சமாலி வெகுநேரம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மாமா, கடை வெச்சிருக்கீங்களா?"

"இல்ல மகள். எல்லாம் என்னோடதுதான்."

"ஏழு டிவியுமா?"

"டிவி பாக்கிறதுல எனக்குக் கொஞ்சம் ஆசை கூட," என்றார் பியதிலக. காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு.

அப்படியானால் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள் என்றாள் அவள். அவர் ஒரு டிவியை மின்சாரத்தில் மாட்டிப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் அமுக்கினார். வாசலில் நின்ற கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. குணசீலிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இடது பக்கம் ஒரு தட்டு தட்டணும் அண்ணே, அப்பதான் வரும்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். பியதிலக தட்டினார். படம் வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஹன்சமாலி எழுந்து அங்கே நின்ற ஒரு நீல ஃபிரிட்ஜின் பக்கம் போனாள். அதன் கதவைச் சாத்தினால் பிறகு திறக்காது என்று சுமித் கூரையைப் பார்த்தபடி சொன்னான். அவள் அதை விட்டுவிட்டு அடுத்த ஃபிரிட்ஜின் கதவை இழுத்தாள். அது குசுமலதாவுடையது. அவசரத்தில் கீழ்த்தட்டைக் காலி செய்ய மறந்திருந்தாள். வெங்காயம் பத்துப் பதினைந்து தரையெங்கும் உருண்டோடியது. அதில் ஒன்று ஹன்சமாலியின் செருப்புக்கு முன்னால் போய் நின்றது. வெங்காயம் விற்ற விலையில் குசுமலதாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"பாத்து மிஸ், மிதிச்சிடாதீங்க. நாளைக்குக் கறிக்கு அதுதான் இருக்குது."

ஹன்சமாலி குனிந்து அந்த வெங்காயத்தை எடுத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமாகவே சிரித்தாள். குணசீலிக்குத் தொற்றியது, சுமித்துக்குத் தொற்றியது. பியதிலக கட்டிலின் விளிம்பில், இரண்டு டிவிக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. எத்தனையோ மாதமாக அந்த ஒழுங்கையில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

"எங்க அம்மாவும் டிவியைப் பன்சலைக்குக் கொண்டுபோய்ட்டா," என்றாள் ஹன்சமாலி மூச்சு வாங்கியபடி. "அங்க பிக்கு ஹாமுதுருவுக்கு இப்ப உக்கார இடமில்ல."

அன்று காலையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அதற்குப் பிறகு தெரிய வந்தது. குசுமலதா அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்தாள். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு எல்லாரும் தேநீர் குடித்தார்கள். தன் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவாளா என்று கேட்கத் துணிவில்லாமல் குசுமலதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹன்சமாலி அதைக் கவனித்துவிட்டாள்.

"இந்த வீட்டுல இருக்கான்னுதான் அக்கா கேள்வி. உங்க வீட்டுல நான் பாத்தேன், இல்ல. எழுதினது எழுதினதுதான்."

குசுமலதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிழங்குத் தட்டைக் கவிழ்த்துவிடுவாள் போலிருந்ததால் உபாலி அதை வாங்கி வைத்தான்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பத்து வீட்டில் ஏழுக்குக் கிடைத்திருந்தது. குசுமலதாவின் பெயர் இருந்தது. குணசீலியின் பெயர் இல்லை. அவள் மின்சார மீற்றரிலிருந்துதான் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் கம்பி போயிருந்தது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அவளைப் பணக்காரி ஆக்கிவிட்டார்கள். குணசீலிக்குக் கிடைக்கும் என்று அவளைவிட நம்பியிருந்தவர்கள் கம்பி எடுத்திருந்தவர்கள்தான். அவர்கள் இரண்டு நாள் தலை குனிந்து திரிந்தார்கள்.

மேன்முறையீட்டுக்குப் போகும் நாளில் குணசீலி கிழிந்த பாவாடை ஒன்று இரவல் கேட்டு வந்தாள். குசுமலதாவிடம் இருந்ததைச் சுமித்தின் மனைவி முன்பே வாங்கிப் போயிருந்தாள். அதனால் குணசீலி நல்ல பாவாடையையே கட்டிக்கொண்டு, குசுமலதாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனாள். வரிசையில் இருநூறு பேருக்குமேல் நின்றார்கள். எல்லாரும் இருக்கிறதில் மோசமான துணியைத் தேடி உடுத்தி வந்திருந்தார்கள். முன்னால் நின்றவளின் சட்டையில் ஒட்டு இன்றைக்கென்றே புதிதாக, வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தார்கள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். கோபிக்கப் போகிறாள் என்று குசுமலதா பயந்தாள். அவளோ, "நல்லாத் தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தானும் சிரிக்கத் தொடங்கினாள்.

விசாரிக்கிறோம் என்று சொல்லி மனுவை வாங்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் குசுமலதா தனக்கு வந்த முதல் நிவாரணத்தில் அரை றாத்தல் பாண் ரொட்டியும் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் வாங்கி, அதில் பாதியைக் குணசீலியின் பைக்குள் போட்டாள். குணசீலி வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் வரும்வரை இருவரும் வீதியோரத்தில் நின்று, பாணின் மேல்தோலைப் பிய்த்துத் தின்றுகொண்டே சிரித்தார்கள்.